கோச்சில் ஒரு நாள்: ஐரோப்பியக் குழுச் சுற்றுலாவின் வரலாறு

டூர் மேனேஜர் ஒருவரின் பொறுப்பில் நாற்பது ஐம்பது பேர் ஒரே பேருந்தில் ஏறி, எட்டு முதல் பதினைந்து நாளில் ஐரோப்பாவின் பல நாடுகளைப் பார்த்துவிட்டு வருவதற்குக் கோச் டூர் என்று பெயர். அதில் போகும் ஒரு தம்பதியின் நாள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமையும். காலை ஆறு மணிக்கு அறைத் தொலைபேசி அடித்து எழுப்பும். ஆறே முக்காலுக்குள் பெட்டிகளைக் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். ஏழு மணிக்குச் சிற்றுண்டி, எட்டு மணிக்குப் புறப்பாடு, பத்தரைக்கு நெடுஞ்சாலை ஓய்விடம், மதியம் ஒரு நகரம், அங்கே உள்ளூர் கைடு, பிறகு கடை, இரவு வேறு நாட்டில் வேறு ஓட்டல். இந்த ஒழுங்கை எந்த ஒரு நிறுவனமும் ஒரே நாளில் வகுத்துவிடவில்லை. ரயில் கால அட்டவணையிலிருந்து ஒன்று, ஓட்டல் கணக்கிலிருந்து ஒன்று, ஓட்டுநர் சட்டத்திலிருந்து ஒன்று என முந்நூறு ஆண்டுகளில் துண்டு துண்டாகச் சேர்ந்தது அது.

கோச் என்னும் ஊர்

கோச் என்பதே ஐரோப்பாவில் உள்ள ஓர் ஊரின் பெயர்தான். ஹங்கேரியில், வியன்னாவையும் புடாவையும் இணைத்த பழைய சாலையில் கோச் என்னும் சிற்றூர் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அந்த ஊரில் செய்த வேகமான குதிரை வண்டிகளுக்கு ஊரின் பெயரே பெயரானது. ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று மொழிக்கு மொழி ஒலி திரிந்து போன அந்தச் சொல், தமிழில் எழுதும்போது தற்செயலாகத் தன் ஊர்ப் பெயருக்கே திரும்பிவிட்டது.

அந்த வண்டிகளில் ஏறி ஊர் பார்க்கப் போனவர்களில் முதல் பெரும் கூட்டம் இங்கிலாந்துப் பிரபுக்களின் பிள்ளைகள். 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் கல்லூரிப் படிப்பு முடிந்ததும் அவர்களை ஓரிரு ஆண்டுகள் ஐரோப்பாவுக்கு அனுப்பிவைப்பது குடும்ப வழக்கம். இதற்கு 'கிராண்ட் டூர்' என்ற பெயர் அச்சில் வந்தது ரிச்சர்ட் லாசல்ஸ் எழுதி 1670இல் வெளியான இத்தாலிப் பயண நூலில். கலே துறைமுகத்தில் இறங்கி, பாரிஸ் வழியாக ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, டூரின், ஃபுளோரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ், வெனிஸ் என்று போகும் பாதை அப்போதே நிலைத்துவிட்டது. இன்றைய டூர் கையேட்டின் வரைபடம் பெரிதும் அதே தடத்தில்தான் ஓடுகிறது.

பையன்களுடன் ஓர் ஆசானும் போவார். முரட்டுப் பிள்ளைகளை மேய்த்துக்கொண்டு போவதால் அவருக்குக் 'கரடியாட்டி' என்று இங்கிலாந்தில் பட்டப்பெயர் இருந்தது. ரோமிலும் நேப்பிள்ஸிலும் இடிபாடுகளை விளக்க உள்ளூர் ஆள் ஒருவரை அமர்த்திக்கொள்வார்கள். அவர் பேசும் பேச்சைப் பார்த்து, பழைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் பெயரால் அவரை 'சிச்செரோனே' என்றார்கள். குழுவை நடத்துபவர் ஒருவர், ஊரை விளக்குபவர் வேறொருவர் என்ற இரட்டை ஏற்பாடு அங்கேயே தொடங்கிவிட்டது. டூர் மேனேஜர் கரடியாட்டியின் வாரிசு. உள்ளூர் கைடு சிச்செரோனேயின் வாரிசு.

அந்தப் பயணம் சுகமானதாக இல்லை. பிரான்ஸிலிருந்து இத்தாலிக்குப் போகும் மோன் செனி கணவாயில் வண்டிப் பாதை கிடையாது. அடிவாரத்தில் கோச்சைப் பிரித்துப் பாகம் பாகமாகக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றுவார்கள். பயணிகளை நாற்காலியில் உட்காரவைத்துச் சுமையாட்கள் தூக்கிக்கொண்டு மலையேறுவார்கள். அந்தப் பக்கம் இறங்கிய பிறகு கோச்சை மறுபடி பூட்டுவார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெப்போலியன் தன் படைகளுக்காகப் போட்ட சிம்ப்ளான், மோன் செனி சாலைகள்தான் ஆல்ப்ஸில் சக்கரத்துக்கு வழி திறந்தன. சிம்ப்ளான் சாலை திறக்கப்பட்ட ஆண்டு 1805.

தச்சர் தொடங்கிய தொழில்

பணக்காரர்களின் இந்தப் பயணத்தைக் குமாஸ்தாவுக்கும் பள்ளி ஆசிரியைக்கும் எட்டும்படி செய்தவர் தாமஸ் குக். 1808இல் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் பிறந்த அவர் தச்சு வேலை கற்றவர், பாப்டிஸ்ட் போதகர், மதுவிலக்குப் பிரசாரகர். 1841 ஜூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லஃப்பரோவில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்குச் சுமார் 500 பேரை ஒரு தனி ரயிலில் அழைத்துப்போனார். தலைக்கு ஒரு ஷில்லிங். மொத்தமாக இடம் பிடித்தால் ரயில்வே விலையைக் குறைக்கும் என்று அவர் கண்டுகொண்டதுதான் பிறகு வந்த தொழிலுக்கே அடித்தளம். இன்றைக்கும் விமான இருக்கையும் ஓட்டல் அறையும் குழுவுக்கு மலிவாகக் கிடைப்பது இதே கணக்கில்தான்.

1855இல் பாரிஸ் கண்காட்சியை ஒட்டிக் குக் முதன்முறையாக ஐரோப்பியப் பெருநிலத்துக்குக் குழுவைக் கூட்டிப்போனார். ஆன்ட்வெர்ப், பிரஸ்ஸல்ஸ், கொலோன், ரைன் நதி, ஹைடல்பர்க், ஸ்ட்ராஸ்பர்க், பாரிஸ் என்று சுற்றிய அந்தப் பயணம் அவருக்கு நஷ்டத்தில் முடிந்தது. எட்டு ஆண்டு கழித்து 1863இல் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப்போன குழுதான் அவருக்குக் கைகொடுத்தது.

அந்தக் குழுவில் யார்க்ஷயரைச் சேர்ந்த ஜெமைமா மொரெல் என்ற பெண் இருந்தார். அவர் எழுதிய நாட்குறிப்பு, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லண்டன் இடிபாடுகளில் ஒரு தகரப் பெட்டியில் கிடைத்து, 1963இல் நூலாக வந்தது. மூன்று வாரம் நீண்ட அந்தப் பயணத்தில் விடியுமுன் எழுந்ததும், நாள் முழுக்க நடந்ததும், நீண்ட பாவாடையோடு பனியாற்றைக் கடந்ததும், கெம்மி கணவாயைத் தாண்டியதும் அதில் பதிவாகியிருக்கின்றன. லூசர்ன் ஏரிக்கரையில் உள்ள ரிகி மலை உச்சியில் சூரிய உதயம் பார்ப்பது அக்காலப் பயணிகளுக்குக் கட்டாயம். இருட்டிலேயே ஓட்டல்காரர்கள் நீண்ட மரக்கொம்பை ஊதி விருந்தாளிகளை எழுப்புவார்கள். எல்லோரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடிவருவார்கள். அறைத் தொலைபேசி இப்போது செய்வது அந்தக் கொம்பின் வேலையைத்தான். 1871இல் பல்சக்கர ரயில் வந்தபின் ரிகிக்கு நடந்து ஏற வேண்டிய அவசியமும் போயிற்று.

தனியாக வெளியூர் போவது முறையல்ல என்று கருதப்பட்ட காலத்தில், குக்கின் குழு பெண்களுக்கு ஒரு பாதுகாப்பான கூட்டாக அமைந்தது. அவருடைய பயணிகளில் மணமாகாத பெண்கள் கணிசமாக இருந்தார்கள்.

1868இல் குக் ஓட்டல் கூப்பனைக் கொண்டுவந்தார். படுக்கைக்கு ஒரு சீட்டு, காலை உணவுக்கு ஒன்று, இரவு உணவுக்கு ஒன்று. காசை லண்டனிலேயே கட்டிவிட்டால், அந்தச் சீட்டை ஐரோப்பிய ஓட்டல்களில் கொடுத்துச் சாப்பிட்டுத் தூங்கலாம். மொழி தெரியாதவர் பேரம் பேச வேண்டியதில்லை. கணக்கில் ஏமாறும் பயம் இல்லை. எல்லாம் உட்பட என்று இன்றைய விளம்பரங்கள் சொல்வது இந்தச் சீட்டுக்கட்டில் பிறந்தது. சீட்டு செல்லும் ஓட்டலில்தான் தங்க முடியும், சீட்டில் உள்ள உணவைத்தான் சாப்பிட முடியும் என்ற கட்டும் அதனுடனேயே வந்தது.

பணக்காரப் பயணிகளுக்கு இது பிடிக்கவில்லை. இத்தாலியில் பிரிட்டிஷ் துணைத் தூதராக இருந்த நாவலாசிரியர் சார்லஸ் லீவர், 1865இல் பிளாக்வுட்ஸ் இதழில் குக்கின் குழுக்களைத் தாக்கி எழுதினார். ஆஸ்திரேலியா ஏற்க மறுத்த குற்றவாளிகளை இத்தாலிய நகரங்களில் கொண்டுவந்து விடத்தான் குக்கை அரசாங்கம் அமர்த்தியிருக்கிறது என்ற கதையைக்கூட அவர் பரப்பினார். கொடியைப் பின்தொடரும் மந்தை என்று கோச் டூரைக் கேலி செய்யும் வழக்கம் குறைந்தது அந்தக் காலத்திலிருந்தே இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் முன்பே வந்தவர் பின்னால் வந்தவரைப் பார்த்துச் சொன்னது அது.

நட்சத்திரக் குறி

எந்த ஊரில் எதைப் பார்ப்பது என்பதை முடிவுசெய்தவை வழிகாட்டி நூல்கள். லண்டனில் ஜான் மரே 1836இல் தம் கையேட்டு வரிசையைத் தொடங்கினார். ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் கார்ல் பேடெக்கர் 1827இல் பதிப்பகம் வைத்தார். அவருடைய சிவப்பு அட்டை நூல்கள் உலகப் புகழ் பெற்றன. கட்டாயம் பார்க்க வேண்டியதற்கு நட்சத்திரம் போடும் முறை அவற்றின் தனி அடையாளம். கண்டம் முழுவதும் உள்ள காட்சிகள் தரம் பிரிந்தன. நேரம் குறைவாக இருப்பவர் நட்சத்திரம் உள்ளதை மட்டும் பார்த்தால் போதும் என்றாயிற்று. பாரிஸுக்கு ஒன்றரை நாள், ஃபுளோரன்ஸுக்கு அரை நாள் என்று கோச் டூர் நாளைப் பங்கிடுவதற்கு அந்தத் தரப் பட்டியல்தான் துணை.

பெஞ்சு வண்டியும் மலைச்சாலையும்

குக்கின் காலத்தில் நெடும்பயணம் ரயிலிலும் கப்பலிலும்தான். ஊருக்குள் சுற்றிப்பார்க்க மட்டும் குதிரை பூட்டிய நீண்ட வண்டி. வரிசை வரிசையாகப் பெஞ்சு போட்ட அந்த வண்டிக்குப் பிரெஞ்சில் 'ஷார் ஆ பான்' என்று பெயர். பெஞ்சு வண்டி என்பதே அதன் பொருள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே உடலில் மோட்டார் ஏறியது. ஒவ்வொரு பெஞ்சுக்கும் தனிக் கதவு, மழை வந்தால் பின்னாலிருந்து இழுத்து மூடும் துணிக்கூரை, கெட்டி ரப்பர் டயர். இங்கிலாந்தில் அவற்றுக்கு வேக வரம்பு மணிக்கு 12 மைல். காற்றடைத்த டயரும் கண்ணாடி அடைத்த உடலும் 1920களில் பரவிய பிறகே பல நாள் பயணம் உடம்புக்குத் தாங்கக்கூடியதாயிற்று.

முதல் உலகப் போர் இந்த வண்டிகளுக்கு இரண்டு விதத்தில் வழி செய்தது. போர் முடிந்ததும் ராணுவ லாரிகள் மலிவாக ஏலத்துக்கு வந்தன. வாங்கியவர்கள் அவற்றின் மேல் பெஞ்சு போட்டுச் சுற்றுலாவுக்கு ஓட்டினார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் கல்லறைகளைப் பார்க்க பெல்ஜியத்துக்கும் வடக்கு பிரான்ஸுக்கும் திரளாகப் போகத் தொடங்கின. மிஷெலின் நிறுவனம் 1917லேயே போர்க்கள வழிகாட்டி நூல்களை வெளியிட ஆரம்பித்திருந்தது. பெல்ஜியத்தின் ஈப்ர நகரில் 1927இல் மெனின் வாயில் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு தொடங்கிய வழக்கப்படி ஒவ்வொரு மாலையும் எட்டு மணிக்கு அங்கே அஞ்சலி எக்காளம் ஒலிக்கிறது. கோச் டூர்கள் அந்த நேரத்துக்கு அங்கே போய்ச் சேரும்படி இன்றும் இரவுச் சாப்பாட்டை முன்னே பின்னே தள்ளிவைக்கின்றன.

ரயில் எட்டாத மலையுச்சிகளை மோட்டார் பஸ் திறந்துவிட்டது. பாரிஸ்–லியோன்–மத்தியதரைக்கடல் ரயில்வே 1911இல் பிரெஞ்சு ஆல்ப்ஸ் வழியே ஜெனீவா ஏரிக்கும் நீஸுக்கும் இடையே சுற்றுலா மோட்டார் சேவையைத் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் அஞ்சல் துறையே பேருந்து ஓட்டியது. முதல் வழி 1906இல் பெர்ன் நகரிலிருந்து. போருக்குப்பின் 1919இல் சிம்ப்ளான் கணவாய்க்கும் போயிற்று. மஞ்சள் நிறத்தில் ஓடும் இந்தப் பேருந்துகள், கண்ணுக்குத் தெரியாத மலை வளைவுகளில் எதிரே வருபவரை எச்சரிக்க மூன்று சுரம் கொண்ட ஒரு ஹாரன் அடிக்கும். ரோசினியின் 'வில்லியம் டெல்' இசைநாடக முகப்பிலிருந்து எடுத்த சுரங்கள் அவை. ஆஸ்திரியாவின் குரோஸ்குளாக்னர் சாலை, மலையைக் காட்டுவதற்கென்றே போட்ட சாலை. பெருமந்தத்தின்போது 1930இல் வேலையற்றோருக்கு வேலை தரத் தொடங்கி 1935 ஆகஸ்டில் திறந்த அது, 48 கிலோமீட்டரில் 36 கொண்டை ஊசி வளைவுகளோடு 2,504 மீட்டர் வரை ஏறுகிறது.

பயணிக்கு நேரமும் கிடைத்தது. பிரான்ஸில் 1936ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளருக்கு ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை கொடுத்தது. பிரிட்டனில் 1938இல் அதற்கான சட்டம் வந்தது. போர் குறுக்கிட்டதால், அந்த விடுமுறையைக் கோச்சில் கழிக்கும் வழக்கம் 1945க்குப் பிறகே வேர்விட்டது.

பேருந்தின் பொற்காலம்

போருக்குப் பின் ஐரோப்பாவுக்குத் தேவைப்பட்டது அந்நியச் செலாவணி. அமெரிக்கர் கையில் இருந்தது வலுவான டாலர். 1950களில் மலிவு விமான வகுப்பும், கடைசியில் ஜெட் விமானமும் வந்ததும், இரண்டு மூன்று வார விடுமுறையில் கடல் தாண்டி வந்து போகலாம் என்றாயிற்று. அவ்வளவு தொலைவு வந்தவர் ஒரே நாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப விரும்பவில்லை. ஒரே பயணத்தில் பல நாடு என்ற தேவை அங்கே பிறந்தது.

அதை நிறைவேற்றியவர்கள் பலரும் சிறிய இடத்திலிருந்து வந்தவர்கள். 1928இல் அன்டோனியோ மன்டெகாட்ஸா என்பவர் சுவிட்சர்லாந்தின் லுகானோ ஏரியில் சரக்கு ஏற்ற ஒரு துடுப்புப் படகை வாங்கினார். சில பத்தாண்டுகளில் அது 33 பேருந்து கொண்ட நிறுவனமாகி, பின்னர் குளோபஸ் என்ற பெயரில் அமெரிக்கர்களுக்கு ஐரோப்பாவைச் சுற்றிக்காட்டும் பெருந்தொழிலாக வளர்ந்தது. 1962இல் நியூசிலாந்து இளைஞர் ஜான் ஆண்டர்சன் லண்டனில் ஒரு சிறு வேனை வாங்கி, செலவைப் பகிர ஆள் சேர்த்துக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றினார். இளைஞர்களுக்கான கான்டிகி நிறுவனம் அதிலிருந்து வந்தது.

வண்டியும் மாறியது. ஜெர்மனியின் உல்ம் நகரைச் சேர்ந்த ஓட்டோ கெஸ்போரர் 1951இல் செட்ரா என்ற பேருந்தைக் காட்சிக்கு வைத்தார். அதுவரை லாரிச் சட்டத்தின் மேல் கூண்டு கட்டுவதே வழக்கம். செட்ராவில் கூண்டே சட்டத்தின் வேலையையும் செய்தது. தன்னைத் தானே தாங்குவது என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கமே அதன் பெயர். எஞ்சின் பின்னால் போயிற்று. அடியில் சட்டம் இல்லாததால் தரைக்குக் கீழே பெட்டி வைக்க விசாலமான அறை கிடைத்தது. பயணிகள் உயரத்தில் உட்கார்ந்து பெரிய ஜன்னல் வழியாகப் பார்க்க முடிந்தது. ஐம்பது பேரின் சூட்கேஸ்கள் ஒரே வண்டியில் போக முடிவது இந்த அமைப்பால்தான்.

சாலைகளும் ஈடுகொடுத்தன. மிலானையும் நேப்பிள்ஸையும் இணைக்கும் 'சூரிய நெடுஞ்சாலை' 1956க்கும் 1964க்கும் இடையில் கட்டப்பட்டது. 1965இல் மோன் பிளாங்க் சுரங்கமும் 1980இல் 16.9 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்ட் சாலைச் சுரங்கமும் திறந்தன. கிராண்ட் டூர் பயணி நாட்கணக்கில் தாண்டிய ஆல்ப்ஸைக் கோச் பயணி கால் மணி நேரம் விளக்கு வெளிச்சத்தில் கடந்துவிடுகிறார்.

மிலானுக்குத் தெற்கே ஃபியோரென்சுவோலா தார்தா என்ற இடத்தில் 1959இல் ஒரு பிஸ்கட் நிறுவனம், நெடுஞ்சாலைக்குக் குறுக்கே பாலம் போல் ஒரு உணவகம் கட்டியது. இரு திசையில் போகும் வண்டிக்காரரும் அதில் ஏறி, கீழே கார்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். ஐரோப்பாவில் அந்த வகையில் அதுவே முதல். இத்தாலிய ஓய்விடங்களில் ஒரு பழைய ஏற்பாடு இன்றும் உண்டு: முதலில் கல்லாவில் காசு கட்டி ரசீது வாங்கி, அதைக் காப்பி மேடையில் காட்ட வேண்டும், வெளியே வரும் வழி சாக்லேட்டும் பாலாடைக்கட்டியும் அடுக்கிய கடைக்குள் சுற்றிச் சுற்றிப் போகும்.

வேகம் கூடியதும் கேலியும் புதிதானது. செவ்வாய்க்கிழமை என்றால் இது சியெனாவாகத்தான் இருக்க வேண்டும் என்று கையேட்டைப் பார்த்துச் சொல்லும் சுற்றுலாத் தம்பதியை 1957இல் நியூயார்க்கர் இதழின் கேலிச்சித்திரம் ஒன்று வரைந்தது. அதே கருவில், செவ்வாய்க்கிழமை என்றால் பெல்ஜியம் என்று பொருள்படும் தலைப்போடு 1969இல் மெல் ஸ்டூவர்ட் இயக்கிய படம் வந்தது. பதினெட்டு நாளில் ஒன்பது நாடு சுற்றும் அமெரிக்கக் குழு ஒன்றின் கதை அது.

நாளை வகுத்த சட்டம்

கோச் நாளின் நேரக் கணக்கை வகுத்ததில் பெரும்பங்கு ஓட்டுநருக்கான சட்டத்துக்கு உண்டு. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1969இல் ஓட்டும் நேரத்துக்கும் ஓய்வுக்கும் முதல் விதிகளைக் கொண்டுவந்தது. மறு ஆண்டில் அதைப் பதிவுசெய்யும் டாகோகிராஃப் கருவிக்கான விதி வந்தது. 2007இலிருந்து நடப்பில் உள்ள விதிப்படி ஓட்டுநர் நாளுக்கு 9 மணி நேரம் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி. நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை கட்டாயம். அதைப் பிரித்தும் எடுத்துக்கொள்ளலாம். இரவில் தொடர்ந்து 11 மணி நேரம் ஓய்வு. வாரத்தில் சில நாள் அதை 9 ஆகக் குறைக்கலாம்.

பத்தரை மணிக்கு யாருக்கும் பசிக்காவிட்டாலும் வண்டி நிற்பதும், இரவு உணவகத்திலிருந்து ஒன்பதுக்குள் கிளம்பச் சொல்வதும், தாமதமானால் மறுநாள் புறப்பாடு தள்ளிப்போவதும் இந்தக் கணக்கால்தான். பன்னிரண்டு நாள் தொடர்ந்து ஓட்டியபின் வார ஓய்வு எடுக்கலாம் என்று சுற்றுலாப் பேருந்துக்கு இருந்த சலுகை 2007இல் நீங்கியது; டூர் நிறுவனங்கள் முறையிட்டதால் 2010இல் நிபந்தனைகளோடு திரும்பிவந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் டூரை ஒரே ஓட்டுநரைக் கொண்டு முடிக்க முடிவது அதனால்தான்.

எல்லைகள் மறைந்ததும் ஊர் பார்க்கக் கிடைத்த நேரம் நீண்டது. 1985 ஜூன் 14 அன்று லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தருகே மோசெல் நதியில் ஒரு கப்பலில் கையெழுத்தான உடன்பாடு, 1995 மார்ச்சில் ஏழு நாடுகளுக்கிடையே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு எல்லையிலும் டூர் மேனேஜர் ஐம்பது பாஸ்போர்ட்டைக் கட்டாக எடுத்துக்கொண்டு இறங்குவார். 2002 ஜனவரி 1 அன்று யூரோ நோட்டு புழக்கத்துக்கு வந்தபோது பிராங்க், மார்க், லீரா என்று தனித்தனிப் பர்ஸ் வைத்துக்கொள்ளும் தொல்லையும் நீங்கியது. சுவிட்சர்லாந்து தன் பிராங்கை விடவில்லை. ஷெங்கன் நடைமுறையில் 2008 டிசம்பரில் சேர்ந்தது.

இருவருக்கு ஓர் அறை

டூர் விலை பொதுவாக, இருவர் ஓர் அறையைப் பகிர்ந்தால் தலைக்கு இவ்வளவு என்று அச்சாகும். ஓட்டல் தன் விலையை அறைக்குக் கணக்கிடுவதே காரணம். தனியாக வருபவர் காலியான கட்டிலுக்கும் சேர்த்துக் கூடுதல் கட்டணம் கொடுக்க வேண்டும். பேருந்து இருக்கையும் இரண்டிரண்டாகவே இருக்கிறது. குக்கின் காலத்தில் தனிப் பெண்களுக்குப் புகலாக இருந்த குழு, இந்தக் கணக்கால் தம்பதிகளின் குழுவாக மாறியது. தேனிலவுக்கு வந்த புதுமணத் தம்பதியும், பணி ஓய்வுப் பணத்தில் வந்த அறுபதைக் கடந்தவர்களும் ஒரே வண்டியில் இருப்பது சாதாரணம்.

முன்னிருக்கைக்குச் சண்டை வராமலிருக்க இருக்கைச் சுழற்சி என்று ஒரு விதி உண்டு. ஒவ்வொரு நாளும் தம்பதி இரண்டு வரிசை தள்ளி உட்கார வேண்டும். டூர் முடிவதற்குள் எல்லோரும் ஒருமுறையாவது முன்பக்கம் வந்துவிடுவார்கள். டூர் மேனேஜர் ஒலிவாங்கியில் அன்றைய நாட்டின் வரலாற்றைச் சொல்லி முடிக்கும்போது பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். நகரத்தில் இறங்கியதும் உள்ளூர் கைடு மடக்கிய குடையையோ சிறு கொடியையோ தூக்கிக்கொண்டு முன்னே போவார். இத்தாலியில் தேர்வெழுதி உரிமம் பெற்ற கைடுகள்தான் தொழில்முறையில் இடத்தை விளக்கலாம்; அதனால் டூர் மேனேஜர் அங்கே வாய்திறக்காமல் பின்னால் வருவார். காதில் மாட்டும் சிறு கருவியில் கைடின் குரல் கேட்கும். கணவன் படம் எடுக்க நின்றுவிட்டால் மனைவிக்குக் கேட்கும் விளக்கம் அவருக்கு இரைச்சலாகிவிடும். அதன்பின் 'ஃபோட்டோ ஸ்டாப்', சுதந்திர நேரம், கடை. லூசர்னில் கோச்சுகள் ஆட்களை இறக்கிவிடும் ஷ்வானன்பிளாட்ஸ் சதுக்கத்தைச் சுற்றிலும் கைக்கடிகாரக் கடைகள். படகு சவாரி, மலை ரயில், காபரே நிகழ்ச்சி ஆகியவை விருப்பக் கட்டணம். விளம்பரத்தில் விலையைக் குறைத்துக் காட்டவேண்டிய போட்டியில் இந்த முறை பெருகியது.

இந்தியர் வருகை

தாமஸ் குக் நிறுவனம் 1881லேயே பம்பாயில் கிளை திறந்தது. அதன் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களும் சமஸ்தான ராஜாக்களும். இந்திய நடுத்தர வர்க்கத்துக்கு ஐரோப்பாவைத் திரையில் காட்டியது சினிமா. ராஜ் கபூரின் 'சங்கம்' (1964), தமிழில் ஸ்ரீதரின் 'சிவந்த மண்' (1969) போன்ற படங்கள் அங்கே படமாயின. யஷ் சோப்ரா சுவிட்சர்லாந்தைப் பாடல் காட்சிகளின் களமாக்கினார்; 1995இல் வந்த 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' குஷ்டாட், ஸானன் பகுதிகளை இந்தியர் தேடிப்போகும் இடமாக்கியது. இன்டர்லாக்கனில் யஷ் சோப்ராவுக்குச் சிலையே இருக்கிறது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகள் 1991க்குப் பிறகு தளர்ந்ததும், திரையில் பார்த்தவர்கள் நேரில் போனார்கள்.

இந்தியக் குழுவின் நாளில் ஒரு மாற்றம் மட்டும் வந்தது. இரவுச் சாப்பாடு ஓட்டலில் இராது. இந்திய உணவகத்தில் இருக்கும். சில நிறுவனங்கள் சமையல்காரரையே உடன் அழைத்துப்போகின்றன. 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள யுங்ஃபிராவ்யோஹ் ரயில் நிலையத்திலேயே இந்திய உணவகம் உண்டு. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து அகதிகளாகப் போன தமிழர் பலர் சுவிட்சர்லாந்தின் உணவக அடுக்களைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். சென்னைத் தம்பதிக்கு ஜூரிக் பக்கம் தட்டு நீட்டுபவர் யாழ்ப்பாணத் தமிழில் பேசுவது அரிதான அனுபவமல்ல.

நகரங்களின் வாசலில்

19ஆம் நூற்றாண்டில் தாமஸ் குக் தொடங்கிய நிறுவனம் 2019 செப்டம்பர் 23 அன்று திவாலாகி மூடப்பட்டது. மறு ஆண்டு கொரோனாவால் கோச்சுகள் நின்றன. மறுபடி ஓடத் தொடங்கியபோது நகரங்களின் விதிகள் மாறிக்கொண்டிருந்தன. ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட் கிராமம் 2020இலிருந்து முன்பதிவு செய்த நேரத்தில் வரும் கோச்சுகளை மட்டும் ஏற்கிறது. ஆம்ஸ்டர்டாம் 2024 ஜனவரி முதல் 7.5 டன்னுக்கு மேற்பட்ட கோச்சுகளை நகர மையத்துக்குள் விடுவதில்லை. ஃபுளோரன்ஸும் ரோமும் கோச்சின் நுழைவுக்குக் கட்டணம் வாங்குகின்றன. வெனிஸ் 2024இல் வழிகாட்டியுடன் வரும் குழுவுக்கு 25 பேர் என்று வரம்பு வைத்து, ஒலிபெருக்கியையும் தடைசெய்தது. ஐம்பது பேர் கொண்ட கோச் அங்கே இரண்டாகப் பிரிந்து, இரண்டு கைடுகளுடன் நடக்க வேண்டும்.

வெனிஸுக்குச் சாலைப் பாலம் வந்ததே 1933இல்தான். அதுவும் நகரின் ஓரத்தோடு நின்றுவிட்டது. கோச் பக்கத்திலுள்ள துரொன்கெட்டோ தீவில் ஆட்களை இறக்கிவிடும். தம்பதி அங்கிருந்து படகேறி, புனித மார்க் சதுக்கத்தருகே கரையிறங்குகிறார்கள். மோன் செனி அடிவாரத்தில் கோச்சைப் பிரித்துவைத்துவிட்டு நாற்காலியில் ஏறிய கிராண்ட் டூர் பயணியைப் போலவே, மீதி வழியை வேறு வாகனத்திலும் காலிலும் கடக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமிலும் இப்போது கோச் வெளியே நிற்க, கடைசிக் கிலோமீட்டருக்கு டிராமோ நடையோதான்.